ஒன்றுவிட்ட வியாழன்

விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்பிப் பார்த்தேன்.
ஐந்து மணியும் என்னைப் பார்த்தது.
இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

மேசை வாங்கி யன்னலோரம் போட்டேன்.
வெளியே ஓல்ட்டன் மூடுபனி
ஆரே ஆற்றையும் மரப்பாலத்தையும் அழித்துவிட்டு
என் தாளிலும் வந்து குந்திக்கொண்டது.
இந்த நாட்டுத் தண்டவாளங்களை எண்ணத் தொடங்கிய
பூச்சியக் கல் எங்கள் ஸ்டேஷனில்தான் நிற்கிறது.
தினமும் அதைக் கடந்து வேலைக்குப் போகிறவளுக்கு
ஒரு முதல் வரி கிடைக்கவில்லை.

தோல் அட்டைக் கொப்பி ஒன்று.
அதன் வடிவுக்குப் பயந்து
பால், வெங்காயம், பல் டொக்டர் என்று மட்டும் எழுதினேன்.
நாளுக்கு ஐந்நூறு சொல் என்று சுவரில் ஒட்டினேன்.
நான்காம் நாள் கடனாளி ஆனேன்.
பத்தாம் நாள் அந்தச் சுவரைக் கண்டால்
சீட்டுக்காரியைக் கண்டதுபோல மற்றப் பக்கத்தால் நடந்தேன்.

பிறகுதான் இது.
தேடிப் போகவில்லை. முறை வந்தது.

எங்கள் கட்டடத்தில் பதினொரு வீடு, ஒரு சலவை அறை.
ஒன்றுவிட்ட வியாழன், ஒன்று முதல் ஐந்து மணிவரை
எனக்கென்று சுவரில் எழுதியிருக்கிறது,
கீழே கையெழுத்தும் முத்திரையும்.
வேறெந்த நேரத்தையும்
இவ்வளவு உறுதியாக யாரும் எனக்குத் தந்ததில்லை.

நிலத்துக்குக் கீழே கைப்பேசிக்கு உயிர் இல்லை.
அறுபது பாகைக்கு ஒரு மணி பன்னிரண்டு நிமிடம்.
நாலு மாடி ஏறி இறங்க முழங்கால் ஒத்துக்கொள்ளாது.
கவிழ்த்த சவர்க்கார வாளியில் இருந்துகொண்டு
மின்கட்டண உறையின் பின்பக்கத்தில்
பென்சிலால் தொடங்கினேன், பொழுதுபோகத்தான்.

இயந்திரம் தண்ணீர் குடிக்கும்வரை சும்மா இருப்பேன்.
உருளத் தொடங்கினால் எழுதுவேன், கண்டபடி.
பராமரிப்பு இல்லத்துப் படுக்கை விரிப்பின் மணம்,
ஆரணி பள்ளியில் சொன்ன பொய்,
அண்ணனோடு ஏழு வருடம் பேசாத காரணம்,
வெள்ளை வேறு நிறம் வேறு என்று பிரிக்காமல்
எல்லாம் ஒரே தொட்டிக்குள்.
அலசும்போது ஒரு தரம் வாசிப்பேன்.
பிழியும் சுற்றில் சுவரே அதிரும்,
அப்போது வெட்டுவேன்.
வெட்டுகிற கை நடுங்கினால் பரவாயில்லை.

ஆராவில் இருக்கும் பிரபாலினி கேட்டாள், எப்படி எழுதுகிறாய் என்று.
சொன்னேன். அவளும் வாளி வாங்கினாள்.
மூன்று கிழமை உடுப்புச் சுத்தமானதுதான் மிச்சம்.
இப்போது அவள் கடைக் கார்த் தரிப்பிடத்தில்,
ஐஸ்கிரீம் உருகுகிற அவசரத்தில் எழுதுகிறாளாம்.
எனக்கு அது சரிவராது.

மார்ச்சில், மூன்று வியாழன்களின் உறையை
வேலைச் சட்டைப் பைக்குள் மறந்து
உள்ளே போட்டுவிட்டேன்.
கதவு தானே பூட்டிக்கொண்டது.
சுவிஸ் இயந்திரம், கெஞ்சினாலும் இரங்காது.
ஒரு மணி பன்னிரண்டு நிமிடமும்
கண்ணாடிக்குப் பின்னால் என் வரிகள்
தலைகீழாகப் போய்ப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தது ஒரு கட்டிப் பஞ்சு.
கறுப்பு உடுப்பெல்லாம் வெள்ளைத் தூள்.
பிரித்துப் பிரித்துப் பார்த்ததில்
ஒரேயொரு சொல் தப்பியிருந்தது:
ஆனாலும்.

எதற்கு ஆனாலும்? அதற்கு முன்னால் என்ன இருந்தது?
ஞாபகமில்லை. நல்ல வரிதான் என்று நினைக்கிறேன்,
தொலைந்ததெல்லாம் நல்ல வரிதானே.

வெள்ளி காலை கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.
அடுத்த முறைக்காரி ஃப்ராவ் ஏபிஷர்,
நீல மையில், அடிக்கோடிட்டு:
'பைகளைப் பார்க்கவும். வடிகட்டியைத் துடைக்கவும்.'
இரண்டே வரி, ஒரு சொல் மிகையில்லை.
பொறாமையாக இருந்தது.

போய் மன்னிப்புக் கேட்டேன், வடிகட்டியைத் துடைத்தேன்.
தாளை எறியவில்லை.
பின்பக்கம் வெறுமையாக இருந்தது,
அடுத்த முறைக்கு இன்னும் பதின்மூன்று நாள்.
மேலே ஓரத்தில் அந்தச் சொல்லை மட்டும் எழுதி
சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.